பரண்மேல் கிடக்கும் கல்யாண கேசட்: வட்டுக்கா, கோப்புக்கா?

தமிழ்நாட்டில் 1980களின் நடுவிலிருந்து 2000களின் தொடக்கம் வரை நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா ஆகியவற்றின் அசையும் படங்கள் பெரும்பாலும் காந்த நாடாவில்தான் இருக்கின்றன. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வீடியோ கேசட் ஓட்டும் டெக் கொண்டுவந்தார்கள். வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடியப் படம் பார்ப்பது ஊரெங்கும் பழக்கமானது. போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் தோளில் வைத்துப் பிடிக்கும் வீடியோ கேமராவும் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும் வாங்கினார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து பந்தியில் பாயசம் பரிமாறுவது வரை மூன்று மணி நேரத்துக்கு எடுத்து, பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று கேசட் கொடுத்தார்கள். அந்தக் கேசட்டுகள் இன்று பீரோவின் அடித்தட்டிலும் பரண்மேலும் கிடக்கின்றன. ஓட்டிப் பார்க்கத்தான் வீட்டில் கருவி இல்லை.

“இதை டிவிடியில் போட்டுத் தர முடியுமா?” என்பதுதான் ஸ்டுடியோக்களில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. முடியும். ஆனால் எந்த டெக்கில் ஓட்டுவது, எந்த வடிவில் எடுப்பது, எடுத்ததை எதில் வைப்பது என்ற மூன்று கேள்விகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. ஆவணக் காப்பகத்தார் ஒன்று சொல்கிறார்கள், வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும் ஆர்வலர்கள் ஒன்று சொல்கிறார்கள், கடைக்காரர்கள் இன்னொன்று சொல்கிறார்கள். அலசிப் பார்த்ததில் என் முடிவு இது: கேசட்டை ஒரே முறை, முறையாக, தரம் குறையாத கணினிக் கோப்பாக எடுத்துவிட வேண்டும். வட்டு வேண்டுமென்றால் அந்தக் கோப்பிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கேசட்டிலிருந்து நேராக வட்டுக்குப் போகும்போது படத்தின் தரத்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடுகிறது.

அவசரம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு முதலில் சில ஆண்டுகளைச் சொல்ல வேண்டும். காந்த நாடாவின் ஆயுள் பொதுவாக 10 முதல் 30 ஆண்டு என்று அமெரிக்க ஆய்வாளர் ஜான் வான் போகார்ட் 1995இலேயே எழுதினார். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, 2025க்குள் எண்ணிம வடிவுக்கு மாற்றப்படாத நாடாக்கள் பெரும்பாலும் இழந்தவையே என்று எச்சரித்தது. 2019இல் யுனெஸ்கோவின் ‘அனைவருக்கும் தகவல்’ திட்டமும் பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து விடுத்த காந்த நாடா எச்சரிக்கையும் அதே 2025ஐத்தான் குறித்தது. அந்த ஆண்டில் எல்லா நாடாவும் ஒரே நாளில் அழிந்துவிடும் என்பது இதன் பொருளன்று. நாடாவுக்கு முன்பே அதை ஓட்டும் கருவி போய்விடும் என்பதுதான் அவர்களுடைய கவலை. டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமாக அறியப்படும் ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு தயாரிப்பை நிறுத்தியது. அதற்குப் பின் உலகத்தில் இருப்பவை எல்லாம் பழைய டெக்குகளே. ரப்பர் உருளை காய்ந்து, பெல்ட் தளர்ந்து, ஹெட் தேய்ந்து அவை ஒவ்வொன்றாக ஓய்ந்துவருகின்றன. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் வயதாகிவிட்டது.

விஎச்எஸ் எனப்படும் இந்தக் கேசட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் நாடா. அதன்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் ஒரு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். டெக்குக்குள் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை, நம் நாட்டுத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும். உருளையில் பதித்த ஹெட்டுகள் நாடாவைச் சாய்வாகத் தடவிப் படிக்கும். ஒவ்வொரு தடமும் சுமார் 49 மைக்ரான் அகலம்தான், மெல்லிய தலைமுடியின் கனம். அவ்வளவு நுட்பமான தடத்தின்மேல் நம் ஊர்த் தட்பவெப்பம் முப்பது வருடமாக வேலை செய்துவந்திருக்கிறது. ஈரம் பசையைச் சிதைக்கிறது, வெப்பம் நாடாவைச் சுருக்கி விரிக்கிறது, காற்றோட்டமில்லாத பரணில் பூஞ்சை பிடிக்கிறது. கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தால் சுருளின்மேல் வெள்ளைப் பொடியாகவோ நூல் நூலாகவோ தெரியும்.

பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே டெக்கில் போடவே கூடாது. பொடி ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். சில சமயம் நாடா ஒட்டிக்கொண்டு அறுந்தும் போகும். கூட்டின் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, சுருளை வெளியே எடுத்து, முகக்கவசம் அணிந்துகொண்டு, நூல் உதிராத துணியாலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலும் மெல்லத் துடைத்து, காய்ந்தபின் வேறொரு சுத்தமான கூட்டுக்கு மாற்றி ஓட்டுவதே முறை. பொறுமையும் கைப்பழக்கமும் இல்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. 2015 டிசம்பர் வெள்ளம் போன்றவற்றில் நனைந்து, பின்பு வெயிலில் காயவைத்து எடுத்துவைத்த கேசட்டுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே சுருள்களுக்கு நடுவில் சேறு உறைந்திருக்கும்.

நல்ல நிலையில் இருக்கும் கேசட்டையும் முதலில் கடைசி வரை ஓடவிட்டு, மறுபடி முழுக்கச் சுற்றிய பிறகே பதிவெடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒரே இறுக்கத்தில் கிடந்த நாடா இதனால் தளர்ந்து சீராகும். ஹெட்டைச் சுத்தம் செய்யப் பஞ்சு சுற்றிய குச்சி உதவாது, இழை மாட்டினால் ஹெட்டின் முனையே உடைந்துவிடும். பழைய மெக்கானிக்குகள் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளை உருளைமேல் வைத்துக்கொண்டு உருளையைக் கையால் திருப்புவார்களே, அதுதான் சரியான வழி. தாளை மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது.

ஒரு குடும்பத்தில் இரண்டு பிரதிகள் இருந்தால் இரண்டையும் வரவழையுங்கள். கேமராவில் எடுத்த மூலக் கேசட், அதிலிருந்து பாட்டும் எழுத்தும் சேர்த்துத் தொகுத்த கேசட், அதிலிருந்து எடுத்த பிரதி என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் படம் மங்கிக்கொண்டே போகும். வீட்டில் இருப்பது எந்தத் தலைமுறை என்று தெரிந்துகொள்வது முக்கியம். பெண் வீட்டுப் பிரதியில் கோடு விழுந்த இடம் மாப்பிள்ளை வீட்டுப் பிரதியில் தெளிவாக இருக்கலாம். மூலக் கேசட் ஸ்டுடியோவிலேயே தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் கேசட் விலை கொடுத்து வாங்கிய பொருளாக இருந்த காலம் அது; அடுத்த கல்யாணத்தை அதன்மேலேயே எடுத்துவிடுவதும் நடந்தது.

இப்போது கணினிக்கு வருவோம். டெக்கின் பின்புறத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் இருக்கும். மஞ்சளில் படம், மற்றவற்றில் ஒலி. சில உயர்ந்த டெக்குகளில் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்பும் எஸ்-வீடியோ முனையும் உண்டு, இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். இந்த முனையிலிருந்து வரும் அலையை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தரும் சிறு கருவிதான் கேப்சர் கார்டு. யுஎஸ்பியில் செருகுவதாகவும் கிடைக்கும், கணினிக்குள் பொருத்துவதாகவும் கிடைக்கும். பால் படம் ஒன்று 720க்கு 576 புள்ளிகளாகப் பதிவாகும். விஎச்எஸ் நாடாவில் குறுக்குவாக்கில் சுமார் 240 கோடுகள் அளவுக்கே விவரம் இருப்பதால் இதற்குமேல் பெரிதாக எடுப்பதில் பயனில்லை.

இங்கேதான் பலருடைய முயற்சி தட்டுத்தடுமாறுகிறது. நாடா சற்றே நீண்டிருக்கும், டெக்கின் வேகம் இம்மியளவு முன்பின் ஆகும். அதனால் படத்தின் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்தில் தொடங்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சி இதைப் பொறுத்துக்கொண்டது, கேப்சர் கருவி பொறுத்துக்கொள்வதில்லை. தூண்கள் நெளியும், படச் சட்டங்கள் விடுபடும், அரை மணி நேரத்தில் வாயசைவுக்கும் பேச்சுக்கும் தொடர்பு அறுந்துவிடும். இதைச் சரிசெய்யும் கருவிக்கு டைம் பேஸ் கரெக்டர் என்று பெயர். நடவு வயலில் கயிறு கட்டி நாற்றை வரிசைப்படுத்துவதுபோல் ஒவ்வொரு வரியையும் ஒரே இடத்தில் தொடங்கவைக்கும். தனிக் கருவியாகக் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். எஸ்-விஎச்எஸ் என்ற உயர்ந்த வகை டெக்குகள் சிலவற்றில் உள்ளேயே இருக்கிறது. அதுவும் கிடைக்காதவர்களுக்கு ஆர்வலர்கள் கண்டுபிடித்த வழி ஒன்றுண்டு: டெக்குக்கும் கேப்சர் கார்டுக்கும் நடுவே பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து அதன் வழியாகப் படத்தை அனுப்புவது. அந்த ரெக்கார்டர் எதையும் பதிவு செய்வதில்லை, வரிகளை மட்டும் நேராக்கி அனுப்புகிறது. பலன் கண்கூடாகத் தெரியும்.

இன்னொரு விநோதமும் நேரும். வீட்டில் எடுத்த கேசட்டையே கருவி ‘பிரதி எடுக்கத் தடை செய்யப்பட்டது’ என்று மறுத்துவிடும். திரைப்படக் கேசட்டுகளில் இருந்த மேக்ரோவிஷன் தடையென்று, சிதைந்த நாடாவின் அலைக்கோளாற்றைக் கருவி தவறாகப் புரிந்துகொள்வதே காரணம். இந்தத் தொல்லையையும் டைம் பேஸ் கரெக்டர் தீர்க்கக்கூடும்.

அண்மையில் மஞ்சள் முனையை எச்டிஎம்ஐயாக மாற்றித் தரும் மலிவான பெட்டிகள் வந்திருக்கின்றன. புதிய தொலைக்காட்சியில் கேசட் பார்க்க அவை போதும். அவற்றின் வழியாகப் பதிவெடுப்பது பெரும் தவறு. நாடாவில் ஒரு நொடிக்கு 50 அரைப்படங்கள் இருக்கின்றன. ஒற்றை வரிகள் ஒன்று, இரட்டை வரிகள் ஒன்று என்று மாறி மாறி வரும். இந்தப் பெட்டிகள் அவற்றைத் தாறுமாறாகக் கலந்து, 50ஐ 60ஆக்கி, நாலுக்கு மூன்று என்ற படத்தைப் பதினாறுக்கு ஒன்பதாக இழுத்துவிடும். மணப்பெண்ணின் முகம் அகன்றுபோவது இதனால்தான். கடையில் கொடுக்கும்போது இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இழுத்த படம் வேண்டாம், நாடாவில் உள்ளபடி அரைப்படங்களாகவே வேண்டும் என்று சொன்னால் விஷயம் தெரிந்தவருக்குப் புரியும். படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்ததுபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எல்லா விஎச்எஸ் பதிவிலும் ஹெட் மாறும் இடத்தில் அது இருக்கும். பழைய தொலைக்காட்சியின் சட்டம் அதை மறைத்திருந்தது.

கணினியில் எந்த வடிவில் சேமிப்பது? எதையும் சுருக்காமல் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 ஜிபி ஆகும். தரம் துளியும் குறையாமல் சுருக்கும் ஹஃப்யுவ், எஃப்எஃப்வி1 போன்ற முறைகளில் அது சுமார் பாதிக்கு இறங்கும். எஃப்எஃப்வி1 2021இல் இணையத் தரநிலை அமைப்பின் ஆவணமாகவும் வெளியானது, ஆவணக் காப்பகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. பதிவெடுக்க விர்ச்சுவல்டப் போன்ற இலவச மென்பொருள் போதும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு நூற்றுச் சொச்சம் ஜிபி என்பது ஒரு காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத அளவு. இன்றைய வன்தட்டில் அப்படிப் பல கேசட்டுகள் அடங்கும். கேசட் ஓடும் நேரம்தான் பதிவாகும் நேரம். மூன்று மணி நேரக் கேசட்டை ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கல்யாண வீடியோக்களில் அதிகம் பறிபோனது ஒலிதான். தொகுப்பவர் நாதஸ்வரத்தையும் ஐயர் மந்திரத்தையும் பாட்டி பேசிய பேச்சையும் அடைத்துவிட்டு, அந்த வருடம் பிரபலமான சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார். தாத்தாவின் குரல் இருந்த இடத்தில் இப்போது டூயட் ஓடுகிறது. இதில் ஒரு சிறு நம்பிக்கை உண்டு. விஎச்எஸ் நாடாவின் ஓரத்தில் ஒலிக்கென ஒரு தடம் இருக்கிறது; ஹை-ஃபை கருவிகள் படத்துக்கு அடியிலேயே இன்னொரு ஒலித் தடத்தையும் பதித்தன. அதே நாடாவில் ‘ஆடியோ டப்’ செய்து பாட்டுப் போட்டிருந்தால் ஓரத் தடம் மட்டுமே அழியும். மூலப் பதிவு ஹை-ஃபையில் இருந்திருந்தால் பழைய ஒலி அடியில் அப்படியே இருக்கும். பிரதிக் கேசட்டுகளில் இதற்கு வழியில்லை. ஆனாலும் மூலக் கேசட் கிடைத்தால் ஹை-ஃபை டெக்கில் ஒருமுறை இரண்டு தடங்களையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட வேண்டும். மறைந்துபோன ஒருவரின் குரல் திரும்பக் கிடைப்பதற்கு ஈடாக எந்தப் படத்தெளிவும் இல்லை.

மினி டிவி (MiniDV) கேசட்டுகளின் கதை வேறு. 1995இல் வந்த இந்தச் சிறு கேசட்டில் படம் ஏற்கெனவே எண்களாகத்தான் இருக்கிறது. ஃபயர்வயர் கம்பி வழியாகக் கணினிக்குக் கொண்டுவந்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி, மூலத்துக்கு அச்சு அசலான நகல். கேமராவின் கடிகாரம் சரியாக இருந்திருந்தால், படம்பிடித்த தேதியும் நேரமும் கூட உள்ளே எழுதியிருக்கும். இதை மஞ்சள் கம்பி வழியாக எடுப்பது இருக்கும் தரத்தை வீணாக இழப்பது. புதிய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் துளை இல்லாததால் பழைய மேசைக் கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து அட்டை பொருத்த வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்குத் தகுந்த பலன் உண்டு.

இனி வட்டு. 4.7 ஜிபி டிவிடியில் எம்பெக்-2 முறையில் நல்ல தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகத்தான் அடங்கும். மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிவிடியில் அடைத்துத் தருவதாகச் சொன்னால், அக்னி வலம் வரும்போது எழும் புகையெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். டிவிடி அரைப்படங்களை அப்படியே வைத்துக்கொள்ளும் தரநிலை. இரண்டு மூன்று வட்டுகளில் பிரித்து எழுதிய டிவிடி, அரைப்படங்களில் பாதியைத் தூக்கியெறிந்து செய்த எம்பி4 கோப்பைவிடச் சிறந்தது. ஆனால் எழுதும் வட்டில் இருப்பது சாயம். வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அது மங்கும். சாயத்துக்குப் பதில் கனிமப் படலத்தில் எழுதும் எம்-டிஸ்க் நீண்டகாலம் நிற்கக்கூடியது என்றாலும், படிக்கும் டிரைவ் வேண்டுமே. மடிக்கணினிகளிலிருந்து டிரைவ் மறைந்துவிட்டது. சோனி நிறுவனம் எழுதும் புளூரே வட்டுகள், மினி டிவி கேசட்டுகள் ஆகியவற்றின் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. கேசட்டுக்கு நேர்ந்தது வட்டுக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது. பெரியவர்கள் ரிமோட்டில் ஓட்டிப் பார்க்க ஒரு டிவிடி போட்டுத் தருவது சரிதான், அதுவே சேமிப்பாகிவிடாது.

“எங்கள் கேசட்டை எப்போதோ சிடியில் போட்டாகிவிட்டது” என்பவர்களே மிகுந்த ஆபத்தில் இருக்கிறார்கள். 2000களில் ஊரெங்கும் செய்து கொடுத்த விசிடியில் படம் 352க்கு 288 புள்ளிகள்தான். அரைப்படங்களில் ஒரு பாதி முழுதாகப் போய்விட்டது. அந்த நம்பிக்கையில் கேசட்டைப் பழைய பொருள் வாங்குபவரிடம் போட்டுவிட்டவர்கள் பலர். கேசட் இன்னும் இருந்தால் அதிலிருந்து மறுபடி எடுங்கள். இல்லையென்றால் சிடியில் உள்ள கோப்புகளை உடனே வன்தட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள். வேறு வடிவுக்கு மாற்ற வேண்டாம், அப்படியே நகலெடுத்தால் போதும்.

படத்தைச் சீராக்குவதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று இருக்கிறது. நிறத்தைச் சற்று திருத்தலாம், இரைச்சலைக் குறைக்கலாம், அரைப்படங்களை க்யூடிஜிஎம்சி போன்ற நல்ல மென்பொருளால் சேர்த்து நொடிக்கு 50 முழுப்படங்களாக்கிப் பார்க்கலாம். இவை எல்லாம் பிரதியில்தான், மூலக் கோப்பைத் தொடக் கூடாது. செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்குகிறோம் என்று வருபவர்களிடம் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். பந்தியில் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தையின் முகம் நாடாவில் இருபது புள்ளிகளாக இருக்கும். மென்பொருள் அதில் கண்ணும் மூக்கும் வரையும்போது அது அத்தையின் கண்ணாக இருப்பதில்லை. மங்கலாக இருந்தாலும் அது அவர் முகம். தெளிவாக வருவது வேறு யாருடையதோ.

கடல் கடந்த குடும்பங்களுக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. கேசட் காலத்தில் இலங்கையிலும் மலேசியாவிலும் நம்மைப்போல் பால் முறை, கனடாவிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி, பிரான்சில் சீகாம். டொரன்டோவில் எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய கேசட்டுக்கு மல்டி சிஸ்டம் டெக் வேண்டும். அதிலும் என்டிஎஸ்சியை அசல் என்டிஎஸ்சியாகவே வெளியே அனுப்பும் டெக்காகப் பார்க்க வேண்டும். பால் தொலைக்காட்சிக்காக மாற்றி அனுப்பும் கலப்பு முறையைக் கேப்சர் கருவிகள் பல ஏற்பதில்லை. போரில் வீட்டையும் ஆல்பத்தையும் இழந்த குடும்பத்துக்கு, அன்று வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிய ஒரு கேசட்டே எஞ்சிய படமாக இருக்கக்கூடும். அங்கே இருப்பவர்கள் அலமாரியைத் தேடிப் பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் ஆவணங்களைத் தொகுக்கும் நூலக நிறுவனம் போன்ற அமைப்புகள் இத்தகைய பதிவுகளின் மதிப்பை அறிந்தவை.

ஹெட் படிக்கும் மூல அலையையே கணினியில் பிடித்து, டெக்கின் மின்சுற்று செய்யும் வேலை முழுவதையும் மென்பொருளால் செய்யும் ‘விஎச்எஸ்-டிகோட்’ என்ற திறமூலத் திட்டமும் வளர்ந்துவருகிறது. டைம் பேஸ் கரெக்டரே தேவையில்லாமல் வரிகள் நேராக நிற்கின்றன. டெக்கைத் திறந்து கம்பி பற்றவைக்கத் தெரிந்தவர்களுக்கான வழி இப்போதைக்கு. நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இதைக் கையிலெடுத்தால் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு நல்ல மாற்று நிலையம் உருவாகும். தமிழ்நாட்டுப் போட்டோ ஸ்டுடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்ணிமமாக்கினார்கள். அதே ஸ்டுடியோக்கள் எடுத்த வீடியோக்களுக்கும் அந்தக் கவனம் வேண்டும். தெரு, உடை, சமையல், சீர்வரிசை, எந்த வரிசையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் வேறெங்கும் இவ்வளவு விரிவாகப் பதிவாகவில்லை.

எடுத்த கோப்பை மூன்று பிரதிகளாக வையுங்கள். இரண்டு தனித்தனி வன்தட்டுகளில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ. ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது வன்தட்டை இணைத்துத் திறந்து பாருங்கள். யூடியூபில் ஏற்றுவது உறவினர் பார்க்க உதவும். ஆனால் அது படத்தை மறுபடி சுருக்கிவிடும், பின்னணியில் உள்ள சினிமாப் பாட்டால் தடையும் வரலாம். மாற்றி முடித்த பிறகும் கேசட்டை எறியாதீர்கள். நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.

கோப்போடு ஓர் எழுத்துக் குறிப்பும் சேர வேண்டும்: எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனையாவது நிமிடத்தில் யார் வருகிறார், அவர் யாருக்கு என்ன உறவு. மணமக்களையும் பெற்றோரையும் எல்லோருக்கும் தெரியும். வாசலில் சந்தனம் நீட்டும் பெண் யார், மொய் எழுதுபவர் யார், தவில்காரர் எந்த ஊர் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். படத்தைப் பின்னால் ஒரு நாள் இன்னும் நன்றாக எடுத்துவிட முடியலாம், பெயரை அப்படி எடுக்க முடியாது. ஆகவே இந்த மாதமே கேசட்டைக் கீழே இறக்குங்கள். கோப்பு கைக்கு வந்ததும் பெரியம்மாவையும் சித்தப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டி, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.